பாஹியாவும் ரியோ கிராந்தே தோ சுல்லும்: பிரேசிலின் இரண்டு வேக க்ரூசர்கள்

கேள்வி இது: 1910-ல் உலகத்திலேயே வேகமான க்ரூசர்கள் என்று பெயர் வாங்கிய பிரேசிலின் பாஹியாவும் ரியோ கிராந்தே தோ சுல்லும் இரண்டு உலகப் போர்களிலும் பெரிதாக எதுவும் செய்யாமல் போனது ஏன்? 1945 ஜூலையில் பாஹியாவை மூழ்கடித்தது ஜெர்மன் நீர்மூழ்கிதானா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேகம் பற்றிய பேச்சு உண்மை. ஒன்றும் செய்யவில்லை என்பது சரியில்லை. இரண்டாம் உலகப் போரில் இவை செய்த வேலை கணிசமானது, ஆனால் அது எந்த வேலைக்காகக் கட்டினார்களோ அந்த வேலை அல்ல. நீர்மூழ்கிக் கதை நிற்காது. பாஹியாவின் பின்புறத்தில் அடுக்கியிருந்த ஆழ்வெடிகுண்டுகளில் (நீர்மூழ்கியைத் தாக்க நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள்) அதே கப்பலின் துப்பாக்கிக் குண்டுகள் பட்டதால்தான் அது வெடித்து மூழ்கியது. பத்துப் பதினைந்து ஆண்டு உளவு வேலைக்காக வரைந்த ஒரு மெல்லிய கப்பலை முப்பத்தைந்து ஆண்டு ஓட்டினார்கள். ஒவ்வொரு காலத்திலும் புதிதாக ஒரு சுமையை அதன்மேல் ஏற்றினார்கள். இந்த இரண்டு கப்பல்களுக்கும் நேர்ந்த சங்கடங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கட்டுமானத்திலிருந்து தொடங்கலாம். மினாஸ் ஜெராய்ஸ், சாவோ பாவுலோ என்ற இரண்டு டிரெட்நாட் போர்க்கப்பல்கள், பாரா வகை நாசகாரிகள் பத்து, இவற்றோடு சேர்த்து பிரேசில் பிரிட்டனில் ஆர்டர் கொடுத்த தொகுதியில்தான் இந்த க்ரூசர்களும் வந்தன. நியூகாசிலில் டைன் ஆற்றங்கரையில் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் எல்ஸ்விக் தளத்தில் இரண்டுக்கும் 1907 ஆகஸ்டில் அடித்தண்டு போட்டார்கள். பாஹியா 1909 ஜனவரியிலும் மற்றது ஏப்ரலிலும் நீரில் இறங்கின. 1910 மே மாதத்தில் இரண்டும் படையில் சேர்ந்துவிட்டன. எடை சுமார் 3,100 டன். நீளம் 122 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 11.9 மீட்டர். அகலத்தைப் போல நீளம் பத்து மடங்குக்கும் அதிகம் என்றால் அது எவ்வளவு ஒல்லியான உடல் என்று புரியும். பத்து யாரோ பாய்லர்கள், மூன்று பார்சன்ஸ் டர்பைன்கள், விசிறிகளைச் சுழற்றும் மூன்று தண்டுகள், 18,000 குதிரைத்திறன். டர்பைனால் ஓடிய முதல் பிரேசில் போர்க்கப்பல்கள் இவைதான். சோதனை ஓட்டத்தில் 27 நாட் (மணிக்கு 27 கடல் மைல்) வேகத்தைத் தாண்டின. அன்று வேறெந்த நாட்டிடமும் இந்த வேகத்தில் ஓடும் க்ரூசர் இல்லை.

ஆயுதம் பத்து 120 மி.மீ. பீரங்கிகள், ஆறு 47 மி.மீ. பீரங்கிகள், இரண்டு 457 மி.மீ. டார்பிடோ குழாய்கள். இவற்றின் மூலவடிவம் அதே ஆர்ம்ஸ்ட்ராங் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிய அட்வென்ச்சர் வகை உளவுக் கப்பல். அட்வென்ச்சரில் இருந்தது வெறும் 76 மி.மீ. பீரங்கிகள், வேகம் 25 நாட். ஆக, அதே எண்ணத்தை எடுத்து இன்னும் பெரிய பீரங்கியும் இன்னும் அதிக வேகமும் கொடுத்தார்கள். விலையாகக் கொடுத்தது கவசம். பாஹியாவின் தளக் கவசம் 19 மி.மீ. மட்டும், கட்டளைக் கோபுரத்துக்கு 76 மி.மீ. அதே காலத்து ஜெர்மன் க்ரூசர் டிரெஸ்டனை எடுத்துக்கொண்டால், அதுவும் பத்து பீரங்கி (105 மி.மீ.), அதுவும் பார்சன்ஸ் டர்பைன், வேகம் 24 நாட், ஆனால் தளக் கவசம் சில இடங்களில் 80 மி.மீ. வரை. நேருக்கு நேர் நின்று அடிவாங்கக் கட்டியது டிரெஸ்டன். பாஹியாவின் வேலை வேறு: பெரிய போர்க்கப்பல்களுக்கு முன்னால் ஓடி, எதிரிப் படை எங்கே இருக்கிறது என்று பார்த்து, பிடிபடாமல் திரும்பி வந்து சொல்வது. பிரேசில்காரர்களே இவற்றை உளவுக் கப்பல் என்றுதான் அழைத்தார்கள். எனவே இவற்றுக்குக் கவசம் குறைவு என்பதை வடிவமைப்பின் குறையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வேலைக்கு அது சரியான கணக்கு.

அடுத்து, அந்த 27 நாட் என்ற எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பது. சோதனை ஓட்டம் நடந்தது குளிர்ந்த வட கடலில், புதிய பாய்லர் குழாய்களோடு, நல்ல வேல்ஸ் நிலக்கரியோடு. பிரேசில் கடற்கரையில் இந்த மூன்றுமே மாறிவிடும். டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியை கண்டென்சரில் (நீராவியை நீராக்கி வெற்றிடம் உண்டாக்கும் கருவி) கடல்நீர்தான் குளிர்விக்கிறது. கடல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும்போது கிடைக்கும் வெற்றிடம் 27, 28 டிகிரி வெதுவெதுப்பான கடலில் கிடைக்காது. வெற்றிடம் குறைந்தால் அதே நீராவியிலிருந்து கிடைக்கும் திறன் குறையும். பழைய பிஸ்டன் எஞ்சினைவிட டர்பைனுக்கு இந்த இழப்பு கூடுதல், ஏனென்றால் குறைந்த அழுத்தத்தின் கடைசித் துளிவரை விரிந்து வேலை செய்வதில்தான் டர்பைனின் ஆதாயமே இருக்கிறது. இதோடு, நீராவிக்கு ஏற்ற நல்ல நிலக்கரி பிரேசில் மண்ணில் இல்லை. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். 1914-ல் போர் தொடங்கியதும் அதற்கும் தட்டுப்பாடு.

நிலக்கரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். சாதாரணமாக ஏற்றிச் செல்வது 150 டன். கிடைத்த இடத்திலெல்லாம் நிரப்பினால் சுமார் 650 டன். 23.5 நாட் வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 1,400 கடல் மைல் போகலாம். அதாவது அறுபது மணி நேரம். மணிக்குப் பதினோரு டன் நிலக்கரியை, பத்து பாய்லர்களுக்கும் சேர்த்து, மனிதர்கள் கையால் அள்ளிப் போட வேண்டும். ஒரு பாய்லருக்கு மணிக்கு ஒரு டன்னுக்கு மேல். நிலக்கரி அறையின் அருகில் இருப்பது தீர்ந்ததும் உள்ளேயிருந்து வாரிக்கொண்டு வரவும் ஆள் வேண்டும். வேகமெடுத்த சில மணி நேரத்தில் அடுப்புக் கம்பிகளில் கசடு உருகி ஒட்டிக்கொள்ளும். அதை இடித்து எடுக்க அந்த அடுப்பை அவியவிட வேண்டும். எனவே முழு வேகத்தை ஒரு பொழுது பிடிக்கலாம், இரண்டு நாள் பிடிக்க முடியாது.

மெதுவாக ஓடினால் சிக்கனம்தானே என்று கேட்கலாம். பிஸ்டன் எஞ்சினுக்கு அது பொருந்தும். இந்தக் காலத்து டர்பைன்கள் பல்சக்கரம் எதுவும் இல்லாமல் நேராகத் தண்டோடு இணைந்தவை. டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனம், விசிறி மெதுவாகச் சுழன்றால்தான் சிக்கனம். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்தான் செய்ய முடிந்தது. பத்து நாட் வேகத்தில் போகும்போது டர்பைன் தனக்குத் தோதான சுழற்சியில் பாதிகூட இருக்காது. இலைகளுக்கு நடுவே நீராவி வீணாகும். ரோந்து, கான்வாய்க் காவல் (கூட்டமாகப் போகும் வணிகக் கப்பல்களுக்குக் காவல்) இரண்டுமே எட்டு முதல் பன்னிரண்டு நாட் வேலை. வேகத்துக்காகக் கட்டிய எஞ்சினிடம் மெதுவான வேலையைக் கேட்டார்கள்.

கெட்டுப்போவது எங்கே தொடங்கும் என்றால், கண்டென்சரில். மெல்லிய பித்தளைக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்; உள்ளே கடல்நீர், வெளியே நீராவி. ஒரு குழாய் அரித்துப் பொத்தலானாலும் உப்பு நீர் பாய்லருக்குப் போகும் நீரில் கலந்துவிடும். யாரோ பாய்லரின் குழாய்களும் சிறிய விட்டம் கொண்டவை. உப்புப் படிவு உட்சுவரில் ஒட்டினால் வெப்பம் நீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தங்கும். குழாய் செஞ்சூடாகி உப்பி வெடிக்கும். இதைத் தடுக்க ஒவ்வொரு காவல் முறையிலும் நீரின் உப்பைச் சோதிக்க வேண்டும், பொத்தல் குழாயைக் கண்டுபிடித்து இரு முனையும் அடைக்க வேண்டும், துறைமுகம் வந்ததும் மாற்ற வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்களும் உதிரிக் குழாய்களும் இருந்தால் இது வழக்கமான வேலை. ஆட்களே இல்லாத நிலை பிரேசிலுக்கு ஏற்பட்டது. அதற்குக் காரணம் அவர்கள் தங்கள் மாலுமிகளை நடத்திய விதம்.

1910 நவம்பர் 22 இரவு ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் கலகம் வெடித்தது. மினாஸ் ஜெராய்ஸில் மார்செலினோ ரோட்ரிகஸ் மெனெஸெஸ் என்ற மாலுமிக்கு 250 சவுக்கடி கொடுத்ததுதான் உடனடிக் காரணம். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும் கப்பலில் சவுக்கு இருந்தது. மாலுமிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும், அதிகாரிகள் வெள்ளையர். ஜோவாவ் கான்டிடோவின் தலைமையில் இரண்டு டிரெட்நாட்களும் பழைய கடலோரக் கவசக் கப்பல் டியோடோரோவும் கலகத்தில் இறங்கின. பாஹியாவும் சேர்ந்தது, அதில் தலைமை வகித்தவர் ஃபிரான்சிஸ்கோ டியாஸ் மார்ட்டின்ஸ். சவுக்கடியை நிறுத்து, எங்களை மனிதர்களாக நடத்து என்பதுதான் கோரிக்கை. தலைநகரை நோக்கித் திரும்பிய பீரங்கிகளின் முன்னால் பாராளுமன்றம் பொது மன்னிப்பு கொடுத்தது. 26-ஆம் தேதி கப்பல்கள் திரும்ப ஒப்படைக்கப்பட்டன.

நவம்பரில் கலகத்தில் சேராத ரியோ கிராந்தே தோ சுல்லில் டிசம்பர் 9 அன்று கலவரம் மூண்டது. அதே சமயம் கோப்ராஸ் தீவில் கடற்படைக் காலாட்படையினரும் எழுந்தார்கள். இம்முறை அரசு இரக்கம் காட்டவில்லை. கோப்ராஸ் தீவின் ஒரே அறையில் அடைக்கப்பட்ட பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் இறந்தார்கள். பிழைத்த இருவரில் ஒருவர் ஜோவாவ் கான்டிடோ. மன்னிப்பு கொடுத்த இரண்டே நாளில் வந்த ஆணையை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளைப் படையிலிருந்து நீக்கினார்கள். இங்கிலாந்தில் கப்பல் கட்டும்போதே அங்கே தங்கி இந்த எந்திரங்களைப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. க்ரூசர்களின் பிற்கால வேகக் குறைவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாய்லரைப் பற்றியே பேசுகிறார்கள். பாய்லரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கைகளை வெளியே தள்ளியதைத்தான் நான் முதல் காரணமாக வைப்பேன்.

இந்த நிலையில்தான் முதல் உலகப் போர் வந்தது. பிரேசில் 1917 அக்டோபரில் போரில் இறங்கியது. 1918 ஜனவரியில் அட்மிரல் பெட்ரோ ஃபிரான்டின் தலைமையில் ஒரு பிரிவை அமைத்தார்கள்: இரண்டு க்ரூசர்கள், பியாவி, பராயிபா, சாந்தா கத்தரீனா, ரியோ கிராந்தே தோ நோர்தே என்ற நான்கு நாசகாரிகள், பெல்மோந்தே என்ற துணைக்கப்பல், லவுரிந்தோ பித்தா என்ற இழுவைக் கப்பல். பழுது பார்த்துக் கிளப்புவதற்கே மாதக்கணக்காயிற்று. ஆகஸ்ட் 1 அன்று பெர்னாண்டோ டி நோரோன்யா தீவை விட்டார்கள். ஆகஸ்ட் 9 அன்று ஃப்ரீடவுன் சேர்ந்தார்கள். தூரம் நேர்கோட்டில் சுமார் 1,370 கடல் மைல். எட்டு நாள் என்று வைத்தால் சராசரி ஏழு நாட். 27 நாட் கப்பல் ஏழு நாட்டில் கடந்ததற்குக் காரணம் பாரா வகை நாசகாரிகளும் நிலக்கரியும். 560 டன் நாசகாரியால் அவ்வளவு தூரத்துக்கு நிலக்கரி சுமக்க முடியாது. நடுக்கடலில் பெல்மோந்தேவிடமிருந்து மூட்டை மூட்டையாக ஏற்ற வேண்டியிருந்தது. நீர்மூழ்கி நடமாடும் கடலில், அலையில் இரு கப்பல்களும் உரசாமல் நின்றபடி நிலக்கரி ஏற்றுவது அந்தக் காலத்தில் மிக ஆபத்தான வேலை. அதைச் செய்து முடித்தே அக்கரை சேர்ந்தார்கள். இது சாதாரணக் காரியமில்லை.

ஃப்ரீடவுனிலிருந்து ஆகஸ்ட் 26 அன்று டாக்கர் வந்தார்கள். வழியில் இரவில் ஒரு டார்பிடோ பெல்மோந்தேயை மயிரிழையில் தவறவிட்டதாகப் பிரேசில் தரப்புப் பதிவு சொல்கிறது. செப்டம்பரில் டாக்கரில் ஸ்பானிஷ் காய்ச்சல் பிடித்தது. நெருக்கமான கப்பலடியில் அது தீயாகப் பரவியது. பிரிவு முழுவதிலும் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுப்புக்கு ஆள் இல்லாமல் கப்பல்கள் துறைமுகத்திலேயே கிடந்தன. நவம்பர் 3 அன்று கிளம்பி 10 அன்று ஜிப்ரால்டர் சேர்ந்தார்கள். மறுநாள் போர் முடிந்தது. இந்தப் பயணத்தில் பாஹியா நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் என்று நினைத்து ஓங்கில் கூட்டத்தைச் சுட்டது. இதை வைத்து இன்றும் கேலி பேசுகிறார்கள். ஒலி கொண்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் கருவி இல்லாத கப்பலில், சில வாரங்கள் முன்பு நண்பர்களைப் பறிகொடுத்த ஒருவர் தண்ணீரில் நுரைக்கோட்டைப் பார்த்தால் சுடத்தான் வேண்டும். காத்திருந்து பார்த்து உறுதி செய்தவர்களின் கப்பல்கள் கடலடியில் கிடக்கின்றன.

வேகச் சாதனை இதற்குள் பழங்கதையாகிவிட்டது. 1913-ல் நீரில் இறங்கத் தொடங்கிய பிரிட்டிஷ் அரெதூசா வகை எண்ணெயில் ஓடி 28.5 நாட் தொட்டது. பிரேசில் தன் க்ரூசர்களை எண்ணெய்க்கு மாற்றியது 1925-26-ல். பத்து பாய்லர்களை எடுத்துவிட்டு ஆறு தார்னிக்ராஃப்ட் பாய்லர்கள், பழைய டர்பைன்களுக்குப் பதில் மூன்று பிரவுன்-கர்ட்டிஸ் டர்பைன்கள். திறன் 22,000 குதிரைத்திறனாக ஏறியது. வேகம் 28 நாட் தாண்டியது. 533 மி.மீ. டார்பிடோ குழாய்கள் நான்கும், விமானங்களைச் சுடும் சிறு துப்பாக்கிகளும் வந்தன. பழைய படங்களைப் பார்த்துக் காலம் கணிக்க விரும்புகிறவர்களுக்கு இந்த மாற்றம் நல்ல அடையாளம்: இரண்டு புகைபோக்கி என்றால் 1925-க்கு முன், மூன்று புகைபோக்கி என்றால் அதற்குப் பின். ரியோ கிராந்தே தோ நோர்தே என்ற நாசகாரியின் படத்தை ரியோ கிராந்தே தோ சுல் என்று போட்டுவிடுவதும் நடக்கிறது. நாசகாரி இதன் நீளத்தில் பாதிக்குச் சற்றே மேல் இருக்கும், பீரங்கி வரிசையும் கிடையாது.

1942 ஆகஸ்டில் பிரேசில் மீண்டும் போரில் இறங்கியபோது இந்தக் கப்பல்களுக்கு வயது முப்பத்திரண்டு. ரெசிஃபேயைத் தளமாகக் கொண்ட அமெரிக்க அட்மிரல் இங்க்ராமின் கட்டளையில், டிரினிடாடுக்கும் பிரேசில் துறைமுகங்களுக்கும் நடுவே ஓடிய வணிகக் கப்பல் கான்வாய்களுக்குக் காவல் போனார்கள். 47 மி.மீ. பீரங்கிகளில் இரண்டை எடுத்துவிட்டு 76 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகள், 20 மி.மீ. ஓர்லிகான் துப்பாக்கிகள், சோனார் (ஒலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவி), பின்தளத்தில் ஆழ்வெடிகுண்டுகளை உருட்டிவிடும் தண்டவாளங்கள் எல்லாம் ஏறின. போர்க்காலத்தில் பாஹியா மட்டும் 62 கான்வாய்களுக்குக் காவல் போயிருக்கிறது. ஒரு லட்சம் கடல் மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது. உலகை நாலரை முறை சுற்றுவதற்குச் சமமான தூரம் அது. இவை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாததற்கு இதுவே காரணம்.

1945 ஜூலையில் ஐரோப்பாவில் போர் முடிந்திருந்தது. அங்கிருந்த அமெரிக்கப் படையினர் விமானங்களில் அட்லான்டிக்கைக் கடந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். விமானம் எதாவது கடலில் விழுந்தால் மீட்பதற்காக வழிநெடுகக் கப்பல்களை நிறுத்தியிருந்தார்கள். பாஹியாவின் இடம் நிலநடுக்கோட்டின் மேல், ஏறக்குறைய 30 பாகை மேற்கில். ஜூலை 4 காலை ஓர்லிகான் குழுவுக்குப் பயிற்சி. கப்பலின் பின்னால் இழுத்துச் சென்ற ஒரு பட்டம்தான் இலக்கு. பட்டம் அடிபட்டுக் கீழே இறங்கியது. சுட்டவரின் குழலும் அதைத் தொடர்ந்து கீழே இறங்கியது. குண்டுகள் பின்தளத்து ஆழ்வெடிகுண்டுகளில் பாய்ந்தன.

இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஓர்லிகானின் அமைப்பைச் சொல்ல வேண்டும். அது தூணின் மேல் நிற்கும் துப்பாக்கி. சுடுபவர் இரு தோள்களையும் பட்டையில் கொடுத்து, தன் உடலைச் சாய்த்து அதைத் திருப்புகிறார். நிமிடத்துக்கு 450 குண்டு. ஒரு விநாடிக்கு ஏழு. கண் இலக்கின் மேலேயே இருக்கும், குழல் எங்கே போகிறது என்று மனம் கணக்கு வைக்காது. அதனால்தான் தன் கப்பலைச் சுடும் கோணத்துக்குக் குழல் போகாதபடி தூணைச் சுற்றி இரும்புத் தடுப்புக் கம்பி வைப்பது வழக்கம். பாஹியாவின் அந்தத் துப்பாக்கிக்குத் தடுப்பு இல்லை. ஆழ்வெடிகுண்டின் நீரழுத்த வெடிப்பான் பாதுகாப்பு நிலையில் இருந்தாலும் இங்கே பயனில்லை. வெடிமருந்து நிரப்பிய 20 மி.மீ. குண்டு உறையைத் துளைத்து உள்ளே வெடித்தால் வெடிப்பானைக் கேட்காமலேயே மருந்து பற்றிக்கொள்ளும். ஒன்று வெடித்தால் அருகில் அடுக்கியவையும் வெடிக்கும். வழக்கமான அமெரிக்க ஆழ்வெடிகுண்டு ஒன்றில் மட்டும் 136 கிலோ வெடிமருந்து. 3,100 டன் ஒல்லி உடலின் பின்பகுதி அதற்குத் தாங்காது. எல்லா மின்சாரமும் உடனே போனது, அபாயச் செய்தி அனுப்ப முடியவில்லை, சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது.

மிதவைகளில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அடுத்த நாட்களில் தாகத்திலும் வெயிலிலும் சுறாக்களாலும் இறந்தார்கள். செய்தி அனுப்பாததால் யாரும் தேடவில்லை. பால்ஃப் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஜூலை 8 அன்று தற்செயலாகக் கண்டு மீட்டபோதுதான் கரைக்கு விவரம் தெரிந்தது. சுமார் 370 பேரில் பிழைத்தவர்கள் 36 பேர். இறந்தவர்களில் கப்பலில் பணிபுரிந்த நான்கு அமெரிக்க ரேடியோ ஆட்களும் அடக்கம்.

இனி நீர்மூழ்கிக் கதை. ஜெர்மனி சரணடைந்து வாரக்கணக்கான பின் யூ-530 ஜூலை 10 அதிகாலையிலும், யூ-977 ஆகஸ்ட் 17 அன்றும் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் சரணடைந்தன. தென் அட்லான்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கி இருந்திருக்கிறது, பாஹியாவும் மறைந்திருக்கிறது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். வரைபடத்தை எடுத்து அளந்தாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். பாஹியா மூழ்கிய இடத்திலிருந்து மார் டெல் பிளாட்டா 38 பாகை தெற்கு, 27 பாகைக்கு மேல் மேற்கு. நேர்கோடு பிரேசிலின் கிழக்கு முனையில் முட்டுவதால் சுற்றிப் போக வேண்டும். குறைந்தது 2,800 கடல் மைல். ஜூலை 4 காலையிலிருந்து 10 அதிகாலைவரை சுமார் 140 மணி நேரம். இடைவிடாமல் 20 நாட் வேகம் வேண்டும். யூ-530 வகைப் படகு நீர்மேல் முழு வேகத்தில் ஓடினாலே ஏறக்குறைய 18, 19 நாட்தான்.  யூ-977 அதைவிடச் சிறியது, மெதுவானது. மே 10 முதல் ஜூலை 14 வரை நார்வேயிலிருந்து தெற்கே பெரும்பாலும் ஸ்நோர்க்கெல் என்ற காற்றுக் குழாயின் உதவியோடு நீருக்கடியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. ஜூலை 4 அன்று நிலநடுக்கோட்டைத் தொட்டிருக்கவே முடியாது. இதோடு, பிழைத்தவர்கள் சொன்னது பயிற்சியையும் பட்டத்தையும் பின்தள வெடிப்பையும் பற்றித்தான்.

ரியோ கிராந்தே தோ சுல் போர் முடியும்வரை ஓடி, 1948-ல் பணியிலிருந்து நீக்கப்பட்டு உடைப்புக்குப் போனது.